தலைக்கு குளிக்கிறத குறைச்சா மண்டைக்கு நல்லதா? வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

இந்த தடவ வந்த கேள்விகள்ல முக்காவாசி தலைக்கு குளிக்கிறத பத்தி தான். அதனால மத்த தோல் கேள்விகள அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 20 வயசு, காலேஜ் படிக்கிறேன். தெனமும் ஷாம்பு போட்டா மண்டைல இருக்கற இயற்கையான எண்ணெய் எல்லாம் போயிடும், அத ஈடுகட்ட மண்டை இன்னும் அதிகமா சுரக்கும், அதுக்கு பதிலா வாரம் ஒரு தடவ மட்டும் குளிச்சு மண்டைய பழக்கிட்டா எண்ணெய் தானா குறைஞ்சிடும்னு நிறைய வீடியோல சொல்றாங்க. நானும் ஒன்றரை மாசமா அப்படித்தான் பண்றேன். மூணாவது நாளே பிசுபிசுன்னு ஆயிடுது, அரிப்பு தாங்கல, சொறிஞ்சா நகத்துல மஞ்சளா ஏதோ ஒட்டுது. ஆரம்பத்துல இப்படித்தான் இருக்கும் பொறுத்துக்கோன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. இன்னும் எத்தன நாள் பொறுக்கணும்?

பதில்: ஒரு நாள் கூட வேண்டாம்மா. இத படிச்சு முடிச்ச உடனே போய் தலைக்கு குளி.

மண்டைய பழக்கறதுன்னு ஒன்னு கிடையவே கிடையாது. ஒவ்வொரு முடி வேர்க்காலுக்கும் பக்கத்துலயே சின்னதா ஒரு எண்ணெய் சுரப்பி இருக்கு, அது எவ்ளோ சுரக்கணும்னு முடிவு பண்றது உன் ஒடம்புல இருக்கற ஹார்மோன், அதுலயும் முக்கியமா ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்னு சொல்வாங்க, பெண்கள் ஒடம்புலயும் கொஞ்சம் இருக்கும்). வயசுக்கு வர்ற சமயத்துல எல்லாருக்கும் மூஞ்சியும் தலையும் ஒரே நேரத்துல எண்ணெய் வழிய ஆரம்பிக்கிறதும், பெண்களுக்கு மாதவிலக்கு நின்ன அப்புறம் அது கொறஞ்சு போறதும் அதனால தான். மேல இருக்கற எண்ணெய நீ தொடைச்சியா கழுவினியா விட்டுட்டியான்னு அந்த சுரப்பிக்கு தெரியாது. மேல எண்ணெய் நிறைஞ்சா சுரப்பி தானா நின்னுக்கும்னு ஒரு காலத்துல ஆராய்ச்சிக்காரங்களே நம்பினாங்க, 1958லயே க்ளிக்மன், ஷெல்லின்னு ரெண்டு பேர் சோதிச்சு பாத்து அப்படி ஒன்னும் இல்ல, சுரப்பி அது பாட்டுக்கு சுரந்துகிட்டே தான் இருக்குன்னு எழுதிட்டாங்க. இவ்ளோ வருஷம் கழிச்சு அதே பழைய கணக்கு வீடியோவா திரும்பி வந்து உன்ன மாதிரி பிள்ளைங்கள சொறிய வைக்குதுன்னா எனக்கு உண்மையிலயே வருத்தமா இருக்கு.

அப்போ சிலருக்கு மட்டும் எண்ணெய் கொறஞ்ச மாதிரி எப்படி தெரியுதுன்னு கேப்ப. கொஞ்ச நாள்ல அந்த பிசுக்கு கண்ணுக்கும் கைக்கும் பழகிடும், சீப்பு போட சீப்பு போட எண்ணெய் வேர்ல இருந்து நுனி வரைக்கும் பரவி முடி நல்லா படிஞ்சு மின்னும், அத பாத்து சுரப்பு கொறஞ்சிடுச்சுன்னு நெனச்சுக்கறாங்க. சுரப்பு அப்படியே தான் இருக்கும்.

உனக்கு வந்திருக்கறது பொடுகு. நகத்துல மஞ்சளா ஒட்டுறது எண்ணெயும் செத்த தோலும் சேந்த பிசுக்கு. நம்ம எல்லார் மண்டையிலயும் மலசீசியான்னு ஒரு ஈஸ்ட், அதாவது கண்ணுக்கு தெரியாத ஒரு பூஞ்சை, குடியிருக்கு, அதுக்கு தனக்கு வேண்டிய கொழுப்ப தானே தயாரிச்சுக்க தெரியாது, நம்ம சுரக்கற எண்ணெய தான் ஒடைச்சு சாப்பிடும். அப்படி ஒடைக்கும்போது மிச்சமா விழற ஓலிக் ஆசிட் மாதிரி சில கொழுப்பு அமிலங்கள் சிலரோட தோலுக்கு ஒத்துக்காம போய் அரிப்பு எடுத்து, தோல் அவசர அவசரமா புது செல்ல மேல தள்ளி, செதில் செதிலா உரிய ஆரம்பிக்கும். எண்ணெய் தேங்கி நிக்க நிக்க அதுக்கு தீனி போட்டுட்டே இருக்கோம்னு தான் அர்த்தம். நல்லா கழுவ வசதியில்லாத அண்டார்டிகா ஆராய்ச்சி குழுவுல இருந்தவங்களுக்கு கூட குளியல் கொறைய கொறைய அரிப்பும் செதிலும் ஏறினத பதிவு பண்ணியிருக்காங்க. 2021ல ஆசியாவுல இருக்கறவங்கள வச்சு வந்த ஒரு ஆய்வுல, வாரத்துக்கு அஞ்சு ஆறு தடவ தலைக்கு குளிச்சவங்க தான் மண்டையும் முடியும் திருப்தியா இருக்குன்னு சொன்னாங்க. அந்த ஆய்வ செஞ்சது ஒரு ஷாம்பு கம்பெனியோட ஆட்கள், அத மறைக்காம சொல்லிடறேன், அதனால அஞ்சு ஆறுங்கற எண்ணிக்கைய அப்படியே எடுத்துக்க வேண்டாம். ஆனா அடிக்கடி கழுவினதால மண்டை கெட்டுப்போகலங்கறது நான் கிளினிக்ல பாக்கறதோட ஒத்துப்போகுது.

இப்போதைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளி. அதுல வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும் கீட்டோகோனசோல்ங்கற பூஞ்சைய அடக்கற மருந்து இருக்கற ஷாம்பு, மத்த நாள் நீ வழக்கமா போடற ஷாம்பு. மருந்து ஷாம்புவ போட்ட உடனே அலசிடாத, முடிய அங்கங்க வகுந்து மண்டைல படற மாதிரி தேச்சு மூணுல இருந்து அஞ்சு நிமிஷம் விட்டு அப்புறம் அலசு. அவசரமா அலசிட்டு வேலை செய்யலன்னு சொல்றவங்க தான் எங்கிட்ட அதிகம் வர்றாங்க. நாலு வாரம் இப்படி பண்ணு, அடங்கினதும் வாரத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையோ அந்த ஷாம்பு போதும். சுத்தமா நிறுத்திடாத, பொடுகு அடங்கும், ஆனா நிறுத்தினா திரும்ப வரும், அந்த ஈஸ்ட் எங்கயும் போகப்போறதில்ல. புருவத்துலயும் மூக்கோரத்துலயும் இதே மாதிரி செவந்து உரிஞ்சா ஒரு தோல் டாக்டர நேர்ல பாத்துடு.

கேள்வி: மேடம், எனக்கு 34. தெனமும் ரெண்டு மணி நேரம் ஹெல்மெட் போடறேன், அது போக சாயங்காலம் ஜிம். வேர்வைல தலை நனைஞ்சு போறதால தெனமும் ஷாம்பு தான். மண்டை சுத்தமா இருக்கு, பொடுகு இல்ல, ஆனா முடி நுனி எல்லாம் பிளந்து நார் மாதிரி ஆயிடுச்சு. தெனமும் குளிக்கிறத நிறுத்தணுமா?

பதில்: உங்க கேள்வில தான் இந்த மொத்த விவகாரமும் இருக்குங்க. மண்டை வேற, முடி வேற. மண்டை உயிருள்ள தோல், அதுக்கு அழுக்கும் எண்ணெயும் தேங்காம இருந்தா சந்தோஷம். முடி செத்த நார், வெளிய வந்த நாள்ல இருந்து அது தேஞ்சுகிட்டே தான் போகும், காயம் பட்டா தன்ன தானே சரிபண்ணிக்காது. முடி மாசத்துக்கு சுமாரா ஒரு சென்டிமீட்டர் வளரும். உங்க முடி ஒரு அடி நீளம்னு வச்சுக்கோங்க, இப்ப நீங்க கையில புடிச்சு பாக்கற நுனி ரெண்டரை வருஷத்துக்கு முன்னாடி மண்டைய விட்டு வெளிய வந்தது, அதுக்கு அப்புறம் நீங்க போட்ட ஒவ்வொரு ஷாம்பு, ஒவ்வொரு சீப்பு, ட்ரையர் சூடு, வெயில் எல்லாத்தையும் அது தாங்கியிருக்கு. வேர்கிட்ட இருக்கற முடி போன வாரம் வந்தது. ரெண்டுக்கும் ஒரே மாதிரி ஷாம்பு தேச்சா நுனி தான் அடி வாங்கும்.

அதனால எத்தன தடவ குளிக்கிறதுங்கறத விட எங்க தேய்க்கிறீங்கங்கறத மாத்துங்க. ஷாம்புவ உள்ளங்கைல கொஞ்சம் தண்ணி விட்டு நுரைச்சுட்டு விரல் நுனியால மண்டைல மட்டும் தேயுங்க, காதுக்கு பின்னாடியும் பின்கழுத்து மேலயும் மறக்காம, நகம் படக்கூடாது. நீளத்த தொடவே வேண்டாம், அலசும்போது வழிஞ்சு போற நுரையே அதுக்கு போதும். முடிய மொத்தமா உச்சந்தலைல சுருட்டி வச்சு கசக்குறத மட்டும் இன்னையோட விட்டுடுங்க. அப்புறம் கண்டிஷனர், அது காதுக்கு கீழ இருக்கற நீளத்துக்கு மட்டும். தேஞ்சு போன முடியோட மேல்பரப்புல நெகட்டிவ் சார்ஜ் ஜாஸ்தியா இருக்கும், கண்டிஷனர்ல இருக்கறது பாசிட்டிவ் சார்ஜ், அதனால எங்க அதிகம் தேஞ்சிருக்கோ அங்க போய் நல்லா ஒட்டிக்கும், சிக்கு விழாது, சீப்பு வழுக்கிட்டு போகும்.

வேர்வைய பொறுத்தவரைக்கும் அதுல பெரும்பகுதி வெறும் தண்ணியும் உப்பும் தான், அத எடுக்க ஷாம்பு தேவையில்ல. ஒரு நாள் ஷாம்பு, மறுநாள் வெறும் தண்ணில மண்டைய விரலால நல்லா தேச்சு அலசறதுன்னு மாத்தி மாத்தி பண்ணி பாருங்க, மண்டை பிசுபிசுக்காம அரிக்காம இருந்தா அதையே வச்சுக்கலாம். ஆனா ஈரத்தோட இறுக்கி கொண்டை போட்டு அது மேல ஹெல்மெட் மாட்டாதீங்க, ஈரமான முடி தண்ணிய குடிச்சு ஊதி இழுத்தா நீண்டு சட்டுன்னு அறுந்துடும், உள்ள அடைபட்ட ஈரமும் சூடும் மண்டைக்கும் ஆகாது. ஹெல்மெட்டுக்கு உள்ள ஒரு காட்டன் துணி கட்டிட்டு அத தெனமும் துவைச்சு போடுங்க. ஏற்கனவே பிளந்த நுனிய எந்த சீரமும் ஒட்டவைக்காது, வெட்டிடுங்க.

கேள்வி: தலைக்கு குளிச்சாலே கொத்து கொத்தா கொட்டுது டாக்டர், பாத்ரூம் ஜாலில அடைச்சு நிக்குது. பயந்துகிட்டு பத்து நாளைக்கு ஒரு தடவ தான் குளிக்கிறேன். குளிக்காத நாள்ல அவ்வளவா கொட்டறதில்ல. குழந்தை பிறந்து நாலு மாசம் ஆகுது.

பதில்: தங்கச்சி, மொதல்ல பயத்த விடு. சாதாரணமாவே எல்லாருக்கும் ஒரு நாளைக்கு 50ல இருந்து 100 முடி வரைக்கும் விழும். விழற முடி குளிக்கிற அன்னைக்கு அறுந்து வர்றதில்ல, அது வேர்ல இருந்து எப்பவோ கழண்டு, சும்மா மத்த முடிகளோட சிக்கி உக்காந்திருக்கும், தண்ணி ஊத்தி தேய்க்கும்போது வெளிய வரும். நீ பத்து நாளைக்கு ஒரு தடவ குளிச்சா பத்து நாளைக்கானது ஒரே நேரத்துல கையில வருது, பாக்க கொத்தா தான் இருக்கும். அத பாத்து பயந்து இன்னும் தள்ளி போட்டா அடுத்த தடவ இன்னும் பெரிய கொத்து. விழுந்த முடில ஒன்ன எடுத்து வெளிச்சத்துல பாரு, ஒரு முனைல குண்டூசி தலைய விட சின்னதா வெள்ளையா ஒரு புள்ளி இருக்கும், அது தன் காலம் முடிஞ்சு தானா கழண்டு வந்த முடின்னு அர்த்தம்.

உனக்கு அது போக இன்னொன்னும் இருக்கு. கர்ப்பமா இருக்கும்போது உதிர வேண்டிய முடியெல்லாம் ஹார்மோன் தயவுல உதிராம நின்னுட்டு இருக்கும், பிரசவம் ஆகி ரெண்டுல இருந்து நாலு மாசத்துல அதெல்லாம் சேந்து ஒட்டுக்கா கொட்டும். பெரிய காய்ச்சல், ஆபரேஷன், பட்டினி டயட்டுக்கு அப்புறமும் இதே மாதிரி ரெண்டு மூணு மாசம் கழிச்சு கொட்டும். வேர்க்கால் அப்படியே தான் இருக்கு, பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயசு ஆகறதுக்குள்ள திரும்ப வளந்துடும், நெத்தி ஓரத்துல குட்டி குட்டியா புது முடி நீட்டிட்டு நிக்கறத பாப்ப. வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ தாராளமா குளி. ஒரு தடவ ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (ஒடம்புல சேத்து வச்சிருக்கற இரும்புச்சத்தோட அளவு), தைராய்டு மூணும் டெஸ்ட் எடுத்து பாத்துடு, பிரசவத்துக்கு அப்புறம் இரும்புச்சத்து கொறையறதும் தைராய்டு ஏறி எறங்கறதும் நிறைய பேருக்கு நடக்குது, இத யாரும் உனக்கு ஞாபகப்படுத்த மாட்டாங்க, குழந்தைய தான் எல்லாரும் பாப்பாங்க.

கேள்வி: குளிக்காத நாளுக்கு ட்ரை ஷாம்பு ஸ்ப்ரே அடிச்சுக்கலாமா?

பதில்: எப்பவாவது அவசரத்துக்கு அடிச்சுக்கலாம். அது எதையும் கழுவறதில்ல, அதுல இருக்கற மாவு எண்ணெய உறிஞ்சிட்டு மண்டைலயே உக்காந்திருக்கும், அவ்ளோதான். தொடர்ந்து ரெண்டு நாளுக்கு மேல அது மேலயே அடிச்சுட்டு போகாதீங்க, அடுத்த நாள் நிஜ குளியல் இருக்கணும். 2022ல சில ஏரோசால் ட்ரை ஷாம்புகள்ல புற்றுநோய் வரவைக்கக்கூடிய பென்சீன் இருந்ததுன்னு கம்பெனிகளே சந்தைல இருந்து திரும்ப வாங்கிக்கிட்டாங்க, அதனால வேணும்னா ஸ்ப்ரேக்கு பதிலா பவுடரா வர்றத வாங்குங்க.

கேள்வி: ஷாம்புவே வேண்டாம்னு விட்டுட்டு பேக்கிங் சோடாவுல தேச்சு வினிகர்ல அலசறேன் டாக்டர். மொதல் மாசம் பளபளன்னு இருந்துச்சு, இப்ப சீப்பு வச்சாலே முடி ஒடையுது. கெமிக்கல் இல்லாததால மண்டைக்கு இது நல்லது தானே?

பதில்: பேக்கிங் சோடாவும் கெமிக்கல் தான் தம்பி, அதுவும் மண்டைக்கு ஒத்துக்காத கெமிக்கல். மண்டைத் தோலோட பி.எச். (அமிலமா காரமான்னு காட்டற அளவு, 7க்கு கீழ அமிலம், மேல காரம்) சுமாரா 5.5, கொஞ்சம் அமிலப் பக்கம், முடி அதை விடவும் அமிலப் பக்கம். சோடா கரைசல் 8க்கு மேல போகும். காரம் பட்டா முடியோட மேல இருக்கற செதில்கள் தூக்கிக்கும், ஒன்னோட ஒன்னு உரசும், சிக்கு விழும், ஒடையும். மேல வினிகர் ஊத்தினா செதில் ஓரளவு படியும், ஆனா ஒவ்வொரு தடவையும் தூக்கி தூக்கி படிய வச்சா எத்தன நாள் தாங்கும். பளபளன்னு இருந்தது மேல படிஞ்சிருந்த பழைய பிசுக்கு போனதால. ஷாம்புல எல்லாமே மோசம் இல்ல, காரமான ஷாம்புகளும் இருக்கு, மென்மையானதும் இருக்கு, நெறைய நுரைக்கிறது தான் நல்லா கழுவும்னும் இல்ல. பி.எச். 5.5 பக்கத்துலன்னு போட்டிருக்கற மைல்டான ஒன்ன வாங்கி வாரத்துக்கு ரெண்டு தடவைல ஆரம்பி.

கேள்வி: என் பொண்ணுக்கு 9 வயசு, நல்ல சுருட்ட முடி, அடர்த்தியும் அதிகம். வாரத்துக்கு ஒரு நாள் தான் தலைக்கு ஊத்தி விடறேன். போதாதுன்னு வீட்ல பெரியவங்க திட்டறாங்க. எனக்கு இந்த வயசுலயும் தெனமும் குளிச்சா தலை காஞ்சு இழுக்குது, நானும் கொறச்சுக்கலாமா?

பதில்: பொண்ணுக்கு வாரம் ஒரு தடவ போதுங்க, விளையாடி அழுக்கா வந்தா ரெண்டு. வயசுக்கு வர்றதுக்கு முன்னாடி எண்ணெய் சுரப்பு ரொம்ப கம்மி. சுருட்ட முடில அந்த எண்ணெய் வளைவு வளைவா எறங்கி நுனி வரைக்கும் வர்றதே கஷ்டம், அதனால வேர்ல எண்ணெய் இருந்தாலும் நீளம் காஞ்சு தான் இருக்கும், அடிக்கடி கழுவினா இன்னும் காயும். ரொம்ப நெருக்கமான சுருள் முடி இருக்கறவங்களுக்கு பெரியவங்களானாலும் வாரத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையோ போதும்னு தான் அமெரிக்க தோல் மருத்துவர் சங்கமே சொல்லுது. ஈரத்துலயே கண்டிஷனர் போட்டு அகலப்பல் சீப்பால நுனில இருந்து ஆரம்பிச்சு மேல வாங்க, உச்சில இருந்து இழுக்காதீங்க, குழந்தைக்கு வலிக்கும், குளியல்னாலே ஓடிப் போவா. அவளுக்கு பதினொன்னு பன்னெண்டு வயசுல தலை எண்ணெய் வழிய ஆரம்பிச்சா அப்ப எண்ணிக்கைய ஏத்துங்க.

உங்களுக்கும் தாராளமா கொறச்சுக்கலாம். குளிச்ச கொஞ்ச நேரத்துலயே மண்டை இறுக்கமா இழுக்கற மாதிரி இருந்து, பொடிப் பொடியா காஞ்ச வெள்ளை செதில் தோள்ல உதிர்ந்தா அது வறட்சி. உங்கள மாதிரி ஆட்களுக்கு தான் குளியல கொறைக்கிறது நிஜமாவே மண்டைக்கு நல்லது பண்ணும். தெனமும் குளிக்கிறத ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்குங்க, ரெண்டு வாரம் பாருங்க, இன்னும் காஞ்சா மூணு நாளைக்கு ஒரு தடவ. கொதிக்கிற தண்ணி வேண்டாம், வெதுவெதுன்னு போதும். கொறைக்கும்போது ஒன்னு பண்ணுங்க: மண்டைய நாலு எடத்துல வகுந்து மொபைல்ல க்ளோசப் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, ரெண்டு வாரம் கழிச்சு அதே எடத்துல திரும்ப எடுங்க. வகிடு வெளுப்பா அமைதியா இருந்தா சரியான பாதைல போறீங்க. செதில் பெருசாகி மஞ்சளா பிசுக்கா ஆச்சுன்னாலோ தோல் செவந்தாலோ நீங்க கொறச்சது அதிகம், ஒரு படி திரும்பி போங்க.

ஒன்னு சேத்து கேட்டிருந்தீங்க, பொடுகு வறட்சியால தானே வருது, எண்ணெய் வச்சா போயிடுமான்னு. வறண்ட மண்டைக்கு எண்ணெய் இதமா இருக்கும். பொடுகுக்கு வைக்காதீங்க, செதில் எண்ணெய்ல நனைஞ்சு கண்ணுக்கு தெரியாம போகுமே தவிர அந்த ஈஸ்டுக்கு விருந்து தான். எண்ணெய் வைக்கணும்னு ஆசைப்பட்டா குளிக்கறதுக்கு முன்னாடி நீளத்துல மட்டும் தடவிட்டு குளிங்க, தேங்காய் எண்ணெய் முடிக்குள்ள எறங்கி புரதம் கரையறத கொறைக்குது.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயசு. தலைல வெள்ளியா மின்னற மாதிரி தடிமனா செதில் கட்டியிருக்கு, நெத்தி ஓரம் வரைக்கும் எறங்கிடுச்சு. பொடுகு ஷாம்பு மூணு மாசமா போட்டும் கேக்கல. தெனமும் குளிக்கிறதால தான் இப்படின்னு குளியலையே நிறுத்திட்டாரு.

பதில்: குளியலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நீங்க சொல்ற விதம் சோரியாசிஸ்ங்கற நாள்பட்ட தோல் நோய் மாதிரி இருக்கு, நேர்ல பாத்தா தான் உறுதியா சொல்ல முடியும். அப்பாவோட முழங்கை, முட்டிய பாருங்க, இதே மாதிரி திட்டு இருக்கா. நகத்துல ஊசியால குத்தின மாதிரி குழி குழியா இருக்கா, காலைல எழுந்திரிக்கும்போது விரல் மூட்டு இறுகி வலிக்குதான்னு கேளுங்க, சிலருக்கு இது மூட்டையும் பிடிக்கும், அத சீக்கிரம் கண்டுபிடிச்சா மூட்டு சேதமாகறத தடுக்கலாம். இது தொத்து நோய் இல்ல, அவரோட சீப்பு, தலகாணிய வீட்ல யாரும் தனியா ஒதுக்கி வைக்க வேண்டாம், அது அவர் மனச ரொம்ப கஷ்டப்படுத்தும். செதில பிச்சு எடுக்கறத நிறுத்த சொல்லுங்க, பிச்ச எடத்துலயே புதுசா கெளம்பும். மைல்ட் ஷாம்புல வழக்கம்போல குளிக்கட்டும், இந்த வாரத்துக்குள்ளயே ஒரு தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, இதுவரைக்கும் என்னென்ன ஷாம்பு, என்னென்ன மருந்து போட்டாரோ அந்த பாட்டில் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு போங்க, மத்த நோய்க்கு சாப்பிடற மாத்திரையோட சேத்து.